ஆரதி எழுதிய நான்கு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை புடவை மடித்தது. கஞ்சி போட்டு உலர்த்திய வங்காளக் கைத்தறி. பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், ஒருவரால் மடிக்க முடியாது. அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் மறுமுனையோடு பால்கனிக் கதவுவரை போய் நின்றேன்.

"இழு" என்றாள்.

இழுத்தேன்.

"கிழிஞ்சுடும்டி. லிஃப்ட் கயிறுன்னு நெனச்சுண்டியா?"

நான் லிஃப்ட் பொறியாளர். ஆஸ்பத்திரிகளிலும் பெரிய கடைகளிலும் லிஃப்ட் நிறுவுவதும், நிறுவியதைச் சோதிப்பதும் என் வேலை. அம்மா குடியிருந்தது கல்கத்தாவின் டாக்குரியாவில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை.

"நாளைக்காவது கீழ போய் ஆரதி மாஷிகிட்ட பேசறியா?" என்று கேட்டேன். தரைத்தளத்து ஆரதியை நான் மாஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவேன்.

"மடிப்பு கோணறது பாரு."

"அம்மா."

"காதுல விழுந்தது. மடிப்பு கோணறது."

சரி செய்தேன். நடந்து வந்து என் பக்கத்து முனைகளை அவள் கையில் கொடுத்தேன். புடவையை மடியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். இஸ்திரி போடுகிறவனை அவள் கடைசிவரை நம்பவில்லை.

"பேசறேன். நீ போகாதே. அது நான்தான் பேசணும்."

ஒன்றரை வருஷமாக இதே பதில். அது புதன்கிழமை. சனிக்கிழமை அம்மா போய்விட்டாள். பேசவில்லை.

அம்மாவின் பெயர் பாகீரதி. தென்காசியில் பிறந்து, திருநெல்வேலியில் கணிதம் படித்து, கல்யாணமாகி ஆத்ராவுக்கு வந்தவள். ஆத்ரா புருலியா மாவட்டத்தில் இருக்கும் ரயில் ஊர். சிறியது. என் அப்பா சந்தானம் அங்கே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. ஊரின் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை திடீரென்று நின்றுவிட்டார். பட்டம் வாங்கிய ஒரு மதராசிப் பெண் குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறார்கள். வங்காளம் தெரியாதே என்று அம்மா தயங்கினாளாம். கணக்குக்கு என்ன பாஷை என்று அவர்கள் வேலை கொடுத்துவிட்டார்கள். கணக்குக்குப் பாஷை உண்டு என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் குழந்தையின் பாலபாடத்தை இரவல் வாங்கி எழுத்துக் கற்றுக்கொண்டாள். பேச்சு வகுப்பிலேயே வந்தது. 'ஜோல்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஜலம்' என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். "ஒரே தண்ணிதான், குடிச்சுட்டு உட்காருங்கோ" என்று வங்காளத்தில் சொல்வாள். ஓய்வு பெறும்வரை அவள் வங்காளத்தில் தென்காசி இருந்தது. அதை யாரும் திருத்தவில்லை. அந்தப் பேச்சைப் பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள், அவள் முன்னாலேயே.

அவளை 'திதிமணி' என்றார்கள். பள்ளி ஆசிரியைகள் எல்லோரையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஆத்ராவில் வேறு அடைமொழி இல்லாமல் திதிமணி என்றால் அது அம்மா. முப்பத்தாறு வருஷம். சில வீடுகளில் பாட்டி, அம்மா, பேத்தி மூன்று பேருக்கும் அவளே கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. பரீட்சைத் தாளில் விடை தப்பு என்று தோன்றினால் உடனே அடிக்க மாட்டாள். எழுதிய பெண்ணைக் கூப்பிட்டு, தாளைக் கையில் கொடுத்து, "நீ எழுதினதை வாயால படி" என்பாள். அவள் படித்த பிறகுதான் சிவப்புப் பேனா. பள்ளியில் இதற்கு நேரம் போதாது. மாலையில் பெண்கள் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார்கள். நான் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் யாராவது பின்னம் படித்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் காய்ச்சல் என்றாலும் அந்தச் சத்தம் நிற்காது. "ஒவ்வொரு பொண்ணுக்கும் இவ்வளவு பாடா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். அம்மா அடுத்த தாளை எடுத்தாள். அவருக்குக் காரணம் தெரிந்திருந்தது என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஓய்வு பெற்றதும் கல்கத்தாவில் வீடு தேடினார்கள். நான் டாலிகஞ்சில் இருந்தேன். பக்கத்தில் எங்கேயாவது வேண்டும், தமிழ்க் கடைகள் இருக்கும் லேக் மார்க்கெட்டுக்குப் போய்வர வசதியாக. இந்த வீட்டைக் கண்டுபிடித்துச் சொன்னது ஆரதி மாஷி. அம்மாவின் முதல் வருஷ மாணவி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, கல்யாணமாகி ஆத்ராவை விட்டுப் போனவள். கணவர் டிராம் கம்பெனியில் இருந்தார். இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அவர்களுக்கு வீடு இருந்தது. மேலே மூன்றாம் மாடி விற்பனைக்கு வந்ததும், யார் யாரையோ விசாரித்து அம்மாவின் விலாசத்தைப் பிடித்து எழுதினாள். "திதிமணி, நீங்கள் தலைக்கு மேலே இருந்தால் எனக்குத் தைரியம்."

மாடிப்படி அதிகம் என்று நான் அப்போதே சொன்னேன். அம்மா, "ஆரதி இருக்கா, அது போதும்" என்றாள். மாணவிமேல் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரதி மாஷி ஸ்வெட்டர் பின்னுவாள். குளிர்காலம் வருமுன் தெருவில் பாதிப் பேர் அவளிடம் கொடுத்துவிடுவார்கள். தோள்பட்டையில் எத்தனை கண்ணி குறைக்க வேண்டும், கழுத்துக்கு எங்கே பிரிக்க வேண்டும் என்று கணக்கு வரும்போதெல்லாம் முற்றத்தில் நின்று அண்ணாந்து கூப்பிடுவாள்.

"ஓ திதிமணி! நூற்றிருபது கண்ணி. மூன்றாகப் பிரித்து நடுவில் ஆறு கூட வேண்டும்."

அம்மா பால்கனியிலிருந்து விடை சொல்வாள். கீழே ஆரதி மாஷி தலையாட்டிவிட்டு உள்ளே போவாள். என் மகள் மதுவந்தி ஒருநாள் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "பாட்டி, அவ கேக்கறதுக்கு முன்னாடியே பின்னிட்டா. சரியாத்தான் பின்னியிருக்கா. சும்மா உன்னைக் கேக்கறா."

"தெரியும்" என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.

அப்பா போன பிறகு என்னோடு வந்துவிடச் சொன்னேன். மறுத்துவிட்டாள். முழங்கால் போன பிறகும் கேட்டேன். மறுத்தாள். வாரத்தில் ஒரு நாள் லேக் மார்க்கெட் போக வேண்டும், வாழைப்பூவை அவளே தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும், காப்பிப்பொடி கண்ணெதிரில் அரைபட வேண்டும். இறங்குவதற்குக் கால் மணி, ஏறுவதற்கு அரை மணி. இரண்டாம் மாடியில் குடியிருந்த மஹாதேவன் மாமா, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் வீட்டு வாசலில் அவளுக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்தார். அவருக்கும் முழங்கால் போயிருந்தது.

நான் படம் போட்டேன். கட்டடத்தின் பின்பக்கம் காலி இடம் இருக்கிறது. அங்கே இரும்புக்கூடு எழுப்பி, நான்கு பேர் நிற்கும் சிறிய லிஃப்ட். என் நிறுவனத்தில் பேசிச் செலவைக் குறைத்தேன். மேல் வீடுகள் எல்லாம் ஒப்புக்கொண்டன. ஒரே ஒரு பாதிப்பு, ஆரதி மாஷியின் சமையலறை ஜன்னல். கூடு அதற்கு நேராக வரும். வெளிச்சம் போகும். ஆட்சேபணை இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி கேட்கவே முடியும்.

படத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். எவ்வளவு வெளிச்சம் போகும், பக்கவாட்டில் வேறு ஜன்னல் எப்படித் திறந்து தருவோம் என்று விளக்கினேன். டீயும் நாரிக்கேல் நாடு என்கிற தேங்காய் உருண்டையும் கொடுத்துக் கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

"அளவு, கணக்கு எல்லாம் எனக்குப் புரியாது, மா. என் தலை அப்படி. திதிமணி வந்து சொல்லட்டும். அவள் சரி என்றால் சரி. கண்ணை மூடிக்கொண்டு போட்டுத் தருவேன்."

வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நிமிஷப் பேச்சு. அம்மா வாரம் ஒருமுறை அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறாள். தினமும் பால்கனியிலிருந்து பேசுகிறாள்.

அம்மா சொல்லவில்லை. துர்கா பூஜைக்கு அப்புறம் என்றாள். குளிர் போகட்டும் என்றாள். ஆரதிக்குக் கண் ஆபரேஷன், இப்போது வேண்டாம் என்றாள். மஹாதேவன் மாமா என்னைப் படியில் பார்க்கும்போதெல்லாம், "ஏம்மா வித்யா, உங்க அம்மா ஊருக்கெல்லாம் வாய் ஓயாம பேசறா, இதுக்கு மட்டும் மௌன விரதமா?" என்பார்.

அடுத்த வருஷப் பூஜை சமயம் ஒருநாள் லேக் மார்க்கெட்டிலிருந்து திரும்பினோம். தெரு முழுக்கப் பந்தல். ஆட்டோ முனையிலேயே நின்றுவிட்டது. நடந்து வந்து, படி ஏறி, இரண்டாம் மாடி நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. உதடு நிறம் மாறியிருந்தது. நான் பைகளோடு நின்றிருந்தேன். கத்திவிட்டேன். ஊரிலிருக்கிற கிழவிகளுக்கெல்லாம் லிஃப்ட் போடுகிறேன், பெற்ற தாய் படியில் சாகப்போகிறாள், கீழே ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கௌரவம் என்று.

"கௌரவம் இல்லடி. கத்தாதே, மஹாதேவன் வெளில வந்துடுவான். சொல்றேன்."

அங்கேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னாள்.

முதல் வருஷம். வருஷாந்திரப் பரீட்சை. வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எட்டாம் வகுப்பின் கணக்குத் தாள்கள் முழுக்க அவள் தலையில். பெண்கள் வங்காள எண்களில் எழுதுவார்கள், அதற்குக் கண் பழகிவிட்டது. ஆரதி மட்டும் கலந்து எழுதினாள். கீழ் வகுப்பை வேறு பள்ளியில் ஆங்கில எண்களில் படித்தவள். இரண்டு, மூன்று, ஐந்து எல்லாம் ஆங்கிலத்தில் போடுவாள். நாலு மட்டும் வங்காளத்தில் வந்துவிடும். வங்காள நாலு பார்ப்பதற்கு ஆங்கில எட்டு மாதிரியே இருக்கும்.

அம்மா வழியைப் பார்க்கவில்லை. விடையை மட்டும் பார்த்தாள். முப்பத்துநாலு இருந்த இடத்தில் முப்பத்தெட்டு என்று படித்தாள். நாலு வந்த கணக்கெல்லாம் தப்பாயிற்று. ஆரதி கொஞ்ச மார்க்கில் போனாள். ரயில் தண்டவாளத்தில் வேலை பார்த்த அவள் அப்பா, ஃபெயிலான பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று நிறுத்தினார். அந்தப் பங்குனிக்குள் கல்யாணம்.

அடுத்த வருஷம், இதேபோல் எண்களைக் கலந்து எழுதிய வேறொரு பெண் தாளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாளாம். "திதிமணி, இது எட்டு இல்லை, நாலு." வகுப்பே சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டு மார்க்கைத் திருத்தினாள். திருத்தும்போதே ஆரதி நினைவு வந்தது. அலமாரியில் பழைய கட்டு இன்னும் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். ஆரதி பாஸ். நன்றாகவே பாஸ்.

தலைமையாசிரியையிடம் போனாள். பெண் புகுந்த வீடு போய்விட்டாள், இப்போது சொல்லி யாருக்கு என்ன லாபம் என்றார் அவர். அப்பாவும் அதையேதான் சொன்னார். அம்மா விட்டுவிட்டாள். அதன்பிறகுதான் அந்த வாயால் படிக்கும் முறை.

"ஆரதி மாஷிக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. தான் மக்குங்கறதுதான் அவளுக்குத் தெரியும்."

"இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"சொல்லத்தான் வந்தேன். பக்கத்துலயே இருக்கப்போறோமே, நிதானமா சொல்லிக்கலாம்னு. அவ பாயசம் கொண்டுவந்து குடுப்பா. அப்போ எப்படிச் சொல்றது? அவ ஆம்படையான் போனான். அப்போ எப்படிச் சொல்றது? நாள் போயிடுத்து."

"சரி. இப்போ போய்ச் சொல்லு."

"இப்போ எப்படிடி? நீதான் லிஃப்டைக் கொண்டுவந்து நடுவுல நிறுத்திட்டியே." முழங்காலைத் தடவிக்கொண்டாள். "இப்போ சொன்னா, ஜன்னலுக்காகக் குழையறேன்னு ஆகும். ஜன்னலை வாங்கிண்டு அப்புறம் சொன்னா, ஏமாத்தினேன்னு ஆகும். கணக்குப் புரியாதுன்னு சொல்றா பாரு, அது என்னால வந்தது. அதை வெச்சே அவகிட்ட கையெழுத்து வாங்கச் சொல்றே."

"அப்போ லிஃப்டே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். நீ நிம்மதியாப் போய்ச் சொல்லு."

"மஹாதேவனுக்குக் கால் வேண்டாமா?"

பைகளை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். அவள் தனியாக ஏறி வந்தாள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வரும் சத்தம் கேட்டது.

என் தொழிலில் பிழை தெரிந்தால் அன்றே லிஃப்டை நிறுத்துவோம். பலகை மாட்டுவோம். சரி செய்யாமல் யாரையும் ஏற்ற மாட்டோம். அம்மாவும் பிழையைக் கண்டுபிடித்தாள். இனிமேல் வராமல் முறையை மாற்றினாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பெண்ணுக்கும் அது நடக்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒருத்தியிடம் மட்டும் போகவில்லை. அந்த ஒருத்தி மூன்று மாடி கீழே இருந்தாள்.

மதுவந்தியிடம் சொன்னேன். அவளுக்குத் தமிழைவிட வங்காளம் சுலபம். நேராகப் பாட்டியிடம் போய், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வங்காளத்திலேயே கேட்டாள். "நான் கூட வரேன் பாட்டி. நீ ஆரம்பி, நடுவுல திக்கினா நான் சொல்றேன்."

"நீ சொன்னா அது கதை. நான் சொன்னாத்தான் அது திருத்தம்" என்றாள் அம்மா. அத்துடன் பேச்சை முடித்துவிட்டாள். பேத்தியிடம் அவள் கோபித்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை மூச்சு முட்டுகிறது என்று போன் செய்தாள். நான் வரும்போது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. ஸ்ட்ரெச்சர் அந்தப் படித்திருப்பத்தில் திரும்பாது. எனக்குத் தெரியும், அளந்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கினார்கள். "மெதுவா, பாபா, நீ விழுந்துடாதே" என்று அவர்களுக்கு வங்காளத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பின்னால் ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

தரைத்தளத்தில் ஆரதி மாஷி வாசலில் நின்றாள். மாவுக் கையோடு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

அம்மா மாஸ்க்கைத் தள்ளிவிட்டு, "ஆரதி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லலாம், சொல்லலாம். முதலில் சரியாகி வாருங்கள்."

"வந்து சொல்றேன்."

ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலமே காளிகாட் பக்கத்து மின்மயானம். புனேயிலிருந்து வந்த தம்பி ஜெயந்த் காரியங்களைச் செய்தான்.

செய்தி ஆத்ராவுக்குப் போயிற்று. அங்கிருந்து காலை ரயிலில் வந்தார்கள். ஒருநாள் நான்கு பேர், இன்னொரு நாள் ஏழெட்டுப் பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, பழத்தையும் சந்தேஷ் இனிப்பையும் கையில் கொடுத்துவிட்டு அழுதார்கள். என் துக்கத்துக்கு இடம் இல்லாத அளவு அழுதார்கள். எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள்.

"எந்தப் பள்ளியில் நடக்கும் இது? எங்கள் ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாள்."

"நான் ஒருமுறை தப்பாக எழுதியதைச் சரியாகப் படித்துவிட்டேன். 'எழுதினதைப் படி, நெனச்சதைப் படிக்காதே' என்றாளே." அவள் தென்காசி வங்காளத்தில் அதைச் சொல்லிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"எவ்வளவு அன்பு இருந்தால் அவ்வளவு பொறுமை வரும்."

அன்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த முறை வந்த கதை வேறு. நான் சொல்லவும் முடியாது. ஆரதி மாஷி மூலையில் பிரம்பு மோடாவில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கள் காலத்தில் அது இல்லை" என்றாள். "நான் முதல் வருஷம். இருந்தால் மட்டும் என்ன? வாயால் படித்தாலும் நான் ஃபெயில்தான்."

திரும்பவும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் கவனித்தேன்.

பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆரதி மாஷி கிளம்பவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அந்தக் காகிதத்தைக் கொண்டா, மா. போட்டுத் தருகிறேன்."

"எந்தக் காகிதம்?"

"லிஃப்ட். அன்று வாசலில் ஒன்று சொல்ல வேண்டும் என்றாளே, அதுதானே? அவள் வந்து கேட்டால்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பைத்தியக்காரி. எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் உன்னை நம்பிப் போட்டிருக்கலாம். கடைசி வருஷமாவது அவள் கஷ்டப்படாமல் ஏறி இறங்கியிருப்பாள்."

"அதனால இல்லை, மாஷி. உங்களால இல்லை."

"பின்னே எதனால்? ஏன் அவள் வந்து கேட்கவில்லை? ஒரு வார்த்தை. என்மேல் ஏதாவது கோபமா?"

"கோபம் இல்லை."

"பின்னே?"

மஹாதேவன் மாமா கை துடைத்துக்கொண்டு வந்தவர் இதைக் கேட்டுவிட்டார். "லிஃப்டுக்குத்தான், லிஃப்டுக்குத்தான், வேற என்ன சொல்லப்போறா" என்று வங்காளத்தில் அவளிடம் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். தமிழில், "மனசு மாறறதுக்குள்ள வாங்கிண்டுடு" என்றார்.

காகிதம் என் பைக்குள் இருந்தது. பை என் காலடியில் இருந்தது.

"ஆபீஸ்ல இருக்கு, மாஷி" என்றேன்.

"அப்படியானால் நாளைக்குக் கொண்டு வா. நான் எங்கே போகப்போகிறேன்." எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். அவள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

மஹாதேவன் மாமாவும் இறங்க ஆரம்பித்தவர் நடுப்படியில் நின்று திரும்பினார்.

"பைக்குள்ள வெச்சுண்டே ஆபீஸ்ங்கறே. நான் பார்த்தேன். உங்க அம்மாவோட போச்சுன்னு பார்த்தா உனக்கும் அந்த வியாதி வந்தாச்சா?"

"அம்மா அவகிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தா மாமா. அதைச் சொல்லாம கையெழுத்து வாங்கக் கூடாது."

"என்ன அது?"

"அவகிட்டதான் முதல்ல சொல்லணும்."

"அப்போ போய்ச் சொல்லேன். யார் பிடிச்சுண்டிருக்கா?"

யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவர் இடது காலை வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, அடுத்த படிக்கு இறங்கினார். அவர் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.

நான் சொன்னால் ஆரதி மாஷி என்ன கேட்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். திதிமணிக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பாள். ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்பாள். எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தானே, அப்பாவிடம் வந்து சொல்லியிருந்தால் என்று கேட்கலாம். ஒன்றும் கேட்காமல் போகலாம். கையெழுத்துப் போடாமலும் போகலாம், அது அவள் ஜன்னல். இவற்றுக்கெல்லாம் அம்மா பதில் வைத்திருந்தாளா என்பதும் எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எப்போதும் லிஃப்டைப் பற்றித்தான் கேட்டேன்.

"அன்றைக்கு ஒரு நாலை எட்டு என்று படித்துவிட்டேன், நீ பாஸ்" என்று ஆரதியிடம் போய்ச் சொல்வது. அம்மா செய்யாமல் விட்ட வேலை அவ்வளவுதான்.